மறு: மறு: அரிசி மாவில் கோதுமை மா பட்டால் அதற்கு என்ன பெயர்? (வெள்ளிக்குள் வேண்டும்)

ஹட்டனிலிருந்து:
வணக்கம். என் தங்கை மகளுக்குச் சீலியாக் நோய் என்று உறுதியாகிவிட்டது. கோதுமை, வாற்கோதுமை, ரை மூன்றும் இனி ஆயுளுக்கும் ஆகாது. அவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் அவள் உடம்பே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். வீட்டில் ஒன்பது பேர், ஒரே அடுப்படி, அம்மா ரொட்டி தட்டாமல் காலையில் யாரும் வேலைக்குப் போனதில்லை. ரொட்டிக்குப் பிசைந்த கையோடு இடியப்ப மாவை அள்ளுவது, இரண்டு மாவையும் ஒரே சல்லடையில் சலிப்பது, ரொட்டியால் தொட்டுத் தின்ற சம்பலிலேயே அவளுக்கும் எடுத்து வைப்பது, இதெல்லாம்தான் சிக்கல். சுவரில் ஒட்ட ஒரு தாளும் கிளினிக்கில் கொடுக்க ஒரு துண்டுப்பிரசுரமும் எழுதுகிறேன். இந்தச் சிக்கலுக்கு, ஆங்கிலத்து ‘cross-contamination’ஐ அப்படியே பெயர்த்து, ‘குறுக்கு மாசடைதல்’ என்று போட்டேன். அம்மா வாசித்துவிட்டு, "குறுக்கால யாரு போனா?" என்கிறார்.

பதுளையிலிருந்து:
முதலில் குளூட்டனுக்குப் பெயர் வையுங்கள். ‘பசையம்’ என்கிறார்கள், இலத்தீனிலும் அதற்குப் பசை என்றே பொருள். நான் ‘மாப்பசை’ என்பேன். ‘மாம்பசை’ என்று எழுதிவிடாதீர்கள், அது மாமரத்துப் பிசின். மரப்பெயருக்குத்தான் மெல்லெழுத்து மிகும். இனி உங்கள் சொல்லுக்கு வருகிறேன். தொடு, தொடர், தொடை, தொடுப்பு, தொடக்கு. இந்தத் தொடக்குத்தான் துடக்கு. தொட்டதால் வந்த கேடு, வேறென்ன வேண்டும்? ‘மாத்துடக்கு’.

தலவாக்கலையிலிருந்து:
ஐயா, துடக்கும் வேண்டாம் தீட்டும் வேண்டாம். என் தாத்தா கடையில் தனிக் குவளையில் தேநீர் வாங்கிக் குடித்து, அதைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தவர். அந்தச் சொல்லை ஒரு பிள்ளையின் தட்டுக்கு மேலே ஒட்டினால் அது கோதுமையோடு நிற்காது, பிள்ளைமேல் ஏறிவிடும். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியவள் அவள். ‘தொற்று’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார், அதுவும் பிழை. இது கிருமி இல்லை, புரதம். கொதிக்க வைத்தாலும் போகாது. தொற்று என்று வாசித்தால் அம்மா அகப்பையைச் சுடுநீரில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார். ‘கலப்படம்’ என்றாலோ அவர்மேல் பொலிஸில் முறைப்பாடு கொடுத்த மாதிரி இருக்கும்.

பண்டாரவளையிலிருந்து:
குளூட்டனைக் குளூட்டனாகவே விடுங்கள். தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டு ‘பரேட்’டிலிருந்து வந்தது, நாம் குடியிருக்கிற வரிசை வீடான லயம் ‘லைனி’லிருந்து வந்தது, கொழுந்து நிறுக்கிற இடத்தில் யாராவது தனித்தமிழ் கேட்டார்களா? சொல்லைவிட வேலை வரிசை முக்கியம். பிள்ளைக்கு முதலில் சமைத்து மூடி வைத்துவிட்டுத்தான் கோதுமை மா டின்னைத் திறக்க வேண்டும். சல்லடை, மர அகப்பை, வெட்டுப்பலகை தனி. சல்லடைக் கண்ணில் ஏறினதைக் கழுவி எடுப்பது லேசில்லை. ‘குளூட்டன் இல்லாதது’ என்று சொல்ல கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம் வைத்த எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டன், ஒரு கிலோ அரிசி மாவில் அரைக் கிராம் கோதுமை மா விழுந்தாலே தாண்டிவிடும். பெருங்காயத் தூளையும் சோயா சோஸையும் லேபிள் பார்த்து வாங்குங்கள், கோதுமை ஒளிந்திருக்கும்.

மஸ்கெலியாவிலிருந்து:
மழை பட்டது, வெயில் பட்டது, கண் பட்டது என்கிறோமே. ‘மாப்படுதல்’ போதாதா?

ஹட்டனிலிருந்து:
லயம் ஆங்கில லைனா குதிரை இலாயமா என்று இடையில் வந்த ஐந்து மடல்களையும் வாசித்தேன், நன்றி, அச்சகம் வெள்ளிக்கிழமையை மாற்றவில்லை. மாப்படுதல் எனக்குப் பிடித்தது, அம்மாவிடம் காட்டினேன். "அரிசி மாவும் மாதானே, அது பட்டா என்ன?" சரிதான். அதனால் சுவர்த் தாளில் ‘பிள்ளையின் சாப்பாட்டில் கோதுமை மா படக்கூடாது’ என்று நீட்டியே எழுதிவிட்டேன். பிரசுரத்தில் ‘கோதுமை படல்’. நான்கு பேர் சரி என்றார்கள், அதில் ஒருவர் "எதையாவது போடுங்கள்" என்றார், அதையும் சரி என்றே எண்ணிக்கொண்டேன்.

பதுளையிலிருந்து:
படல் என்றால் வேலித்தட்டி. கோதுமையால் தட்டி கட்டப்போகிறீர்களா? அதோடு, எழுவாய்த் தொடர் என்றால் இடையில் ‘ப்’ மிகாது, தொகை என்று கொண்டால் மிகும். எது என்று முடிவுசெய்யாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். துடக்கை நான் இன்னும் விடவில்லை.