மூத்த பாப் குழுவோடு வெளிநாட்டுப் பயணம்: கூடப் போனவர்கள் சொல்கிறார்கள்

கிட்டார் டெக்:

மேடைக்குப் பின்னால் கிட்டார்களைப் பராமரித்துச் சுருதி சேர்த்துக் கொடுப்பது என் வேலை. குழுவின் பெயரைச் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் வாயைக் கட்டியிருக்கிறார்கள். பிரிட்டன்காரர்கள், எண்பதுகளில் ரேடியோவைத் திருகினால் ஏதாவது ஓர் அலைவரிசையில் பாடிக்கொண்டிருந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எல்லோருக்கும் அறுபத்தைந்துக்கு மேல். இவர்களோடு ஊர் ஊராகச் சுற்றுகிறேன் என்றதும் கேட்பவர் கண்ணில் ஒரு மினுக்கம் வரும்: விடிய விடியக் கூத்தாமே, நிஜமா?

கூத்து இருந்திருக்கும். நான் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே அது முடிந்துவிட்டது. இப்போது ஹோட்டல் அறைக்குள் நுழைந்ததும் பாடகர் கேட்பது, ஏசியை முழுசாக அணைக்க வழி உண்டா என்று. வறண்ட காற்று தொண்டைக்கு ஆகாது. நிகழ்ச்சி இருக்கிற நாளில் மதியம் வரை பேசவே மாட்டார். கிசுகிசுப்பாகக்கூட இல்லை; அது குரல் நாணை இன்னும் இறுக்கும் என்று அவருடைய மருத்துவர் சொல்லியிருக்கிறாராம். ஒரு சின்ன நோட்டில் எழுதிக் காட்டுவார். கோழி கிளறின கையெழுத்து. அதைப் படிக்கத் தெரிந்ததால்தான் எங்கள் டூர் மேனேஜருக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று கிண்டல் செய்வோம்.

என் வேலையில் வயது தெரிகிற இடம் சுருதி. பழைய ஹிட்டுகளை எல்லாம் அரை ஸ்டெப் (கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம்) இறக்கித்தான் வாசிக்கிறார்கள், சிலவற்றை ஒரு முழு ஸ்டெப். கிட்டாரை அப்படித் தளர்த்தினால் கம்பி தொளதொளத்துவிடும். கொஞ்சம் தடித்த கம்பி மாட்ட வேண்டும். மாட்டினால் மேலே அது உட்காருகிற பள்ளத்தையும் பார்க்க வேண்டும். கூட்டத்தில் யாரும் கண்டுபிடித்ததில்லை. இறக்கியும் எட்டாத வரி ஒன்றிரண்டு உண்டு. அங்கே அவர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவார். ரசிகர்கள் அதை அன்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாடல் வரிசை எழுதிய செட் லிஸ்டில் நாங்கள் அதை முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறோம்.

உங்கள் பக்கத்துக் கதைகளையும் சொல்லுங்கள்.

பேருந்து ஓட்டுநர்:

தம்பி, நீங்க பேருந்துக்குள்ள இருக்கிற அடுக்குப் படுக்கையில, பங்க்ல படுத்துத் தூங்குறவங்க. முன்னாடி உட்கார்ந்து ஓட்டுறவன் கதை வேற.

ஐரோப்பாவுல எங்களுக்குச் சட்டம் ரொம்பக் கறார். ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்துல ரெண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் நிறுத்தியே ஆகணும். எல்லாம் வண்டியில இருக்கிற டேக்கோகிராஃப்ங்கிற கருவியில பதிவாகும், ஏமாத்த முடியாது. பெரிய பாடகர், அவசரம்னெல்லாம் அந்தக் கருவிக்குத் தெரியாது. அதனால நடு ராத்திரி ஏதோ ஒரு நெடுஞ்சாலை ஓரத்துல வண்டி நிக்கும். உள்ள எல்லாரும் காலை வண்டியோட முன்பக்கம் நீட்டித் தூங்கிட்டு இருப்பாங்க. திடீர்னு பிரேக் போட்டா தலை போய் மோதக்கூடாதுன்னு அப்படித்தான் படுக்கணும். கோடீஸ்வரனா இருந்தாலும் அதுதான் விதி. வண்டியில இருக்கிற கழிப்பறையில ஒண்ணுக்கு மட்டும்தான் போகலாம், அதுவும் எல்லாருக்கும் விதிதான்.

எங்க குழுவோட கீபோர்டுக்காரருக்குத் தூக்கம் வராது. பாதி ராத்திரி எழுந்து வந்து என் பக்கத்து சீட்ல உட்காருவார். பாட்டைப் பத்திப் பேசவே மாட்டார். ஊர்ப் பலகையைப் பார்த்து, 'இந்த ஊருக்கு வந்திருக்கேன், ஆனா அரங்கத்தோட பின்வாசலைத் தவிர எதுவும் பார்த்ததில்ல'ம்பார். அடுத்த ஊருக்கும் அதே பேச்சு.

ஒரு தடவை அந்த 45 நிமிஷ நிறுத்தத்துல கடைக்குள்ள போனோம். ஒரு லாரி ஓட்டுநர் அவரை உத்துப் பார்த்துட்டு, 'நீங்க அந்த ஆள் மாதிரியே இருக்கீங்களே'ன்னார். நம்மாளு சிரிக்காம, 'அவருக்கு இதைவிட முடி அதிகம்'னு சொல்லிட்டு வந்து வண்டியில ஏறிட்டார். அதுக்கப்புறம் விடியிற வரைக்கும் தனக்குள்ள சிரிச்சுக்கிட்டே வந்தார்.

உடைப் பிரிவு:

ஓட்டுநர் அண்ணன் சொன்னதைப் படித்து எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் வேலையில் முடியைவிட இடுப்புத்தான் பெரிய விவகாரம். சுற்றின் ஒவ்வொரு கட்டமும் தொடங்கும்போது அளவு மாறியிருக்கும். யாரிடமும் சொல்லாமல் பிரித்துத் தைத்துவிடுவோம். கால்சட்டைக்குள் முழங்கால் பட்டை போட இடம் விட்டுத் தைக்கிறேன். பொத்தான் வெறும் அலங்காரம், உள்ளே ஒட்டுப்பட்டைதான் பிடித்துக்கொண்டிருக்கும். விரல் மூட்டு வலிக்கிறவருக்கு அது பெரிய உதவி. பளபளக்கிற பூட்ஸின் அடியில் ரப்பர் ஒட்டியிருக்கும். உடை மாற்றும் அறையிலிருந்து மேடை வரை படிகளின் விளிம்பில் வெள்ளை டேப். அதை ஒட்டாமல் நான் யாரையும் மேலே விடுவதில்லை.

குழுவுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒப்பந்தத்தோடு இணைக்கிற பட்டியலுக்கு ரைடர் என்று பெயர். ரைடர் என்றாலே அமெரிக்க ராக் குழு வான் ஹேலனின் பழுப்பு எம் அண்ட் எம் மிட்டாய்க் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கிண்ணத்தில் பழுப்பு மிட்டாய் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். இருந்தால், நிகழ்ச்சியை நடத்துகிற புரமோட்டர் ஒப்பந்தத்தை முழுசாகப் படிக்கவில்லை, மேடையின் எடை தாங்கும் கணக்கையும் பார்த்திருக்க மாட்டார் என்று அர்த்தம். பாடகர் டேவிட் லீ ராத் பிற்பாடு சொன்ன விளக்கம் இது. எங்கள் ரைடரைப் படித்தால் யாருக்கும் சுவாரசியம் இருக்காது. நிமிர்ந்த முதுகுள்ள நாற்காலி, ஈரப்பதம் கூட்டும் கருவி, படியில்லாத வழி, பக்கத்திலேயே கழிப்பறை.

ஆளுக்கொரு சடங்கும் உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸின் டிரம்மர் சார்லி வாட்ஸ், 1967-லிருந்து பயணத்தில் தான் படுத்த ஒவ்வொரு ஹோட்டல் கட்டிலையும் படமாக வரைந்து வைத்தவர். எங்கள் டிரம்மருக்கு அந்த அளவு கலை கிடையாது. காலுறையை மட்டும் தானே துவைத்து, அறை விளக்கின் மேல் காயப் போடுவார். சலவைக்குப் போடுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். 'இது ஒன்றாவது என் கையில் இருக்கட்டும்' என்றார். அப்புறம் கேட்கவில்லை.

கீபோர்டு டெக்:

ஜப்பானைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஹேமண்ட் என்ற பழைய மின் ஆர்கன் வைத்திருப்பவர்களுக்கு அந்த நாடு ஒரு தனி அத்தியாயம்.

அங்கே மின்சாரம் 100 வோல்ட். அதுகூடப் பரவாயில்லை, டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சமாளிக்கலாம். தொல்லை மின்சாரத்தின் அதிர்வெண்ணில்தான்: கிழக்கே டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், மேற்கே ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்து ஜெனரேட்டர் வாங்கியது, ஒசாகா அமெரிக்காவிலிருந்து வாங்கியது. இன்று வரை நாடு இரண்டாகவே ஓடுகிறது. ஹேமண்டுக்குள் பல்சக்கரங்களைச் சுழற்றுகிற மோட்டார், மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பார்த்துத்தான் தன் வேகத்தை வைத்துக்கொள்ளும். 60-க்குச் செய்த ஆர்கனை 50-இல் செருகினால் மொத்தச் சுருதியும் ஏறக்குறைய மூன்று அரை ஸ்டெப் இறங்கிவிடும். கிட்டார் டெக் அரை ஸ்டெப் இறக்கக் கஷ்டப்படுகிறார், இங்கே மூன்று இலவசம்.

அதனால் அதிர்வெண் மாற்றி ஒன்று எங்களோடு எப்போதும் பயணிக்கிறது. நல்ல கனம். இப்போது சின்ன டிஜிட்டல் கீபோர்டிலேயே அந்த ஒலி வருகிறதே, எதற்கு இதைச் சுமக்கிறீர்கள் என்று புதிதாக வந்த டூர் அக்கவுண்டன்ட் கேட்டார். கீபோர்டுக்காரர் அவரை அழைத்துப்போய் ஆர்கன் முன்னால் உட்காரவைத்து, 'ஒரு விரல், ஒரே ஒரு கட்டை' என்றார். லெஸ்லி ஸ்பீக்கர் சுழலத் தொடங்கியது. அக்கவுண்டன்ட் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டே இருந்தார். செலவுப் பட்டியலில் அந்த வரி அப்படியே இருக்கிறது.

கிட்டார் டெக்:

சுமை என்றதும் கார்னே என்ற சுங்க ஆவணம் ஞாபகம் வருகிறது. இருக்கிற பெட்டி, கிட்டார், ஆம்ப் எல்லாவற்றையும் எடை, மதிப்பு, தயாரான நாடு, வரிசை எண்ணோடு எழுதி, எல்லைக்கு எல்லை முத்திரை வாங்க வேண்டும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின் 2021 முதல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டுகிற லாரிக்கும் இது வந்து சேர்ந்தது. ஆட்களுக்கு வேறு கணக்கு: தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஷெங்கன் ஐரோப்பிய நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. எங்கள் டூர் மேனேஜர் பாடல் வரிசையை மறந்தாலும் மறப்பார், யாருக்கு எத்தனை நாள் மிச்சம் என்பதை மறக்க மாட்டார்.

மானிட்டர் பொறியாளர்:

மேடையோட ஓரத்துல நிக்கிறவன் நான். ஒவ்வொருத்தர் காதுக்குள்ளயும் என்ன போகணும்னு கலந்து கொடுக்கிறது என் வேலை. அதனால மத்தவங்க கேட்காதது எனக்குக் கேட்கும்.

முதல்ல காது. 85 டெசிபல்ல 8 மணி நேரம் வரை பரவாயில்லன்னு ஒரு அளவு வச்சிருக்காங்க. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்னா கால் மணி நேரம்தான். இவங்க சின்ன வயசுல காதுக்குள்ள மாட்டுற இன்-இயர் கருவியே கிடையாது, முன்னாடி வச்ச ஸ்பீக்கர் அலறும், பின்னாடி டிரம் இடிக்கும். அந்தப் பாக்கியை இப்போ காது வசூல் பண்ணுது. ஏசி/டிசி ராக் குழுவோட பாடகர் பிரையன் ஜான்சன் 2016-ல நடுச் சுற்றுல விலக வேண்டி வந்தது இதனாலதான். எங்க கிட்டாரிஸ்டுக்கு டிரம்ல இருக்கிற சிம்பல் தட்டு மாதிரியான உச்ச ஸ்தாயிச் சத்தம் கேட்கிறது போயிடுச்சு. 'சிம்பல் எங்கே, சிம்பல் எங்கே'ன்னு கேட்பார். அவர் கேட்கிற அளவுக்குக் கூட்டினா மிச்சம் இருக்கிறதும் போயிடும். சத்தம் ஒரு அளவைத் தாண்டாம தடுக்கிற லிமிட்டர் போட்டு வச்சுட்டு, டிரம்மர் கையைத் தூக்குறது அவருக்குத் தெரியிற மாதிரி நிக்கிற இடத்தை மாத்தினோம். இப்போ கண்ணால வாசிக்கிறார்.

இப்போ வேற விஷயம். இந்தக் குழுவை ஆரம்பிச்ச ரெண்டு பேரும், பாடகரும் கிட்டாரிஸ்டும், மேடைக்கு வெளியே பேசிக்கிறது கிடையாது. தனித்தனி கார், தனித்தனி மாடி, தனித்தனி உடை மாற்றும் அறை. ஏன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. பாட்டு உரிமைன்னு ஒருத்தர் சொல்வார், ஒரு கல்யாணம்னு இன்னொருத்தர் சொல்வார். சேர்ந்த புதுசுல எனக்கு இது பயமாவே இருந்தது.

ஆனா மேடையில ரெண்டு பேருக்கும் பக்கத்துல ஒரு டாக்பேக் மைக் இருக்கு. அதுல பேசினா கூட்டத்துக்குக் கேட்காது, எங்க காதுக்குள்ள மட்டும் வரும். 'சத்தம் குறை', 'அடுத்த பாட்டுக்குக் கேபோ மாட்டு'ன்னு சொல்றதுக்காக வச்சது. இவங்க அதுல வம்பு பேசுறாங்க. முதல் வரிசையில தூங்கிட்டிருக்கிற ஆளைப் பத்தி, யாரோ தப்பா வாசிச்ச நோட்டைப் பத்தி, அம்பது வருஷத்துக்கு முன்னாடி இருந்த ஏதோ ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பத்தி. ஒருத்தர் பாடிட்டிருக்கும்போது இன்னொருத்தர் காதுக்குள்ள அந்த வாத்தியார் குரல்ல பேசி, நடு வரியில சிரிப்பு வர வைக்கப் பார்ப்பார். கடைசிப் பாட்டு முடியும். மைக் ஆஃப். ஒருத்தர் இடது பக்கப் படி, இன்னொருத்தர் வலது பக்கப் படி.

மெக்சிகோ சிட்டியில நிகழ்ச்சி. 2,240 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும்னு ரெண்டு பக்கமும் ஆக்ஸிஜன் வச்சிருந்தோம். நடுவுல பாடகருக்குத் தள்ளாட்டம். கூட்டத்துக்குத் தெரியல. டாக்பேக்ல அவரோட குரல் வரல. கிட்டாரிஸ்ட் சட்டுன்னு செட் லிஸ்ட்ல இல்லாத ஒரு தனி வாசிப்பை ஆரம்பிச்சு, அதை இழுத்துக்கிட்டே போனார். பாடகர் ஓரத்துக்கு வந்து மாஸ்க்கை வச்சு மூச்சு வாங்கிட்டுத் திரும்பிப் போனார். அப்போ காதுல கேட்டது: 'ரொம்ப மோசமா வாசிச்சே.' பதில்: 'நீ சீக்கிரம் வந்திருக்கலாம்.' அன்னிக்கும் தனித்தனி கார்லதான் போனாங்க.

ஒரு நாள் ரன்னர்:

நான் உள்ளூர் புரமோட்டருக்காக ஒரே ஒரு நாள் வண்டி ஓட்டியவன். பெரிதாக ஒன்றுமில்லை. சவுண்ட் செக் முடிந்ததும் படிக்கிற கண்ணாடி வேண்டும் என்று ஓடச் சொன்னார்கள். மேடைத் தரையில் பாட்டு வரி ஓடுகிற திரை இருக்கிறது, அதைப் பார்க்கக் கண்ணாடி போட்டால் கூட்டத்துக்குத் தெரியுமே என்று கேட்டேன். திரைக்கு இல்லையாம், குறுக்கெழுத்துக்காம். வாங்கிக் கொடுத்ததும் கண்ணாடி கேட்ட அந்தப் பெரிய மனிதர் எழுந்து நின்று கை கொடுத்தார். யாருக்கும் அவர் எழுந்து நிற்பதில்லை என்று பிறகு சொன்னார்கள்.

பேஸ் வாசிப்பவர்:

நான் குழுவில் இருக்கிறேன், குழுவைச் சேர்ந்தவன் இல்லை. பேஸ் கிட்டார் வாசித்த முதல் ஆள் விலகியதும் கூலிக்கு வந்தவன். முன்பு இருந்த எல்லா பேஸ்காரர்களையும்விட அதிக நிகழ்ச்சிகளில் வாசித்திருக்கிறேன், இருந்தாலும் என் பெயர் 'புதுப் பையன்'. சுவரொட்டிப் படம் எடுக்கும்போது கோட்டு பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். முதலில் உறுத்தியது. பிறகு, படத்தில் இருப்பவர்களுக்குத்தான் காலை ஆறு மணிக்கு உள்ளூர் டிவியில் போய் உட்கார வேண்டும் என்று தெரிந்ததும் உறுத்தல் போய்விட்டது.

கடைசிச் சுற்றா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எல்டன் ஜான் விடைபெறும் சுற்றை 2018-இல் தொடங்கினார், நடுவில் கொரோனா வந்து, 2023 ஜூலையில் ஸ்டாக்ஹோமில் முடித்தார். ஜெனிசிஸ் குழு 2022 மார்ச்சில் லண்டனில் முடித்தபோது அதன் பாடகரும் பழைய டிரம்மருமான ஃபில் காலின்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார், அவருடைய இடத்தில் டிரம் வாசித்தது மகன். அவர்கள் சொன்னபடி நிறுத்தினார்கள். எங்களுடைய விஷயத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னால்தான் அறிவிப்பு. சேர்ந்து சொல்ல வேண்டுமென்றால் பேசிக்கொள்ள வேண்டும். மானிட்டர் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது: அந்த முடிவும் ஏதோ ஓர் ஊரில், இரண்டு பாட்டுக்கு நடுவே, டாக்பேக்கில்தான் வரும். அண்ணா, வந்தால் எனக்கு முதலில் சொல்லுங்கள். வாடகை வீட்டு ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.