கிரேக்கத் துன்பியல் நாடகம் படித்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். பண்டைய கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸின் நாடகங்களின் மேடையாக்கம் பற்றி ஆலிவர் டாப்ளின் 1977இல் வெளியிட்ட ஆய்வைப் படித்துக்கொண்டிருக்கிறேன். வசனத்தை மட்டும் வைத்தே யார் எப்போது உள்ளே வருகிறார்கள், வெளியே போகிறார்கள் என்று அவர் கண்டுபிடிப்பது அபாரம்.

கி.மு. 458இல் அரங்கேறிய எஸ்கிலஸின் 'அகமெம்னான்' நாடகத்தில், மன்னன் காலணியைக் கழற்றிவிட்டுச் செந்நிறத் துணிமேல் நடந்து அரண்மனைக்குள் போகிறான். அவன் ட்ராய் போரிலிருந்து சிறைபிடித்து வந்த இளவரசி கசாண்ட்ரா தேரிலேயே இருக்கிறாள். அரசி திரும்பி வந்து கூப்பிட்டும் வாய் திறக்கவில்லை. என்னைக் கேட்டால், அந்த மௌனம்தான் நாடகத்தின் உச்சம்.

நூலில் கிரேக்க மேற்கோள்கள் ஏராளம், எனக்கோ கிரேக்கம் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது இந்தக் காட்சியை மட்டும் என்னோடு வரிவரியாகப் படிக்க முடியுமா? அப்புறம், கசாண்ட்ரா தேரிலிருந்து எந்த இடத்தில் இறங்குகிறாள் என்று நினைக்கிறீர்கள்? ஞாயிறு மாலை எனக்கு வசதி.