‘ஆன்ட்டிக்கு தேங்க்ஸ் சொல்லு!’: கண்ணில் நிற்கும் காட்சிகள்

மழலையர் வகுப்பு ஆசிரியை:
நாலாவது பிறந்தநாள். பரிசைக் கொடுத்தவங்க முன்னாடியே பிரிச்சாச்சு. “இது எங்கிட்ட இருக்கே”ன்னு குழந்தை தரையில் வைத்துவிட்டது. அம்மா தோளை உலுக்கி, “தேங்க்ஸ் சொல்லு, சொல்லு” என்றதும் முகம் சேலைக்குள் புதைந்தது. முந்தானையை இறுக்கிப் பிடித்த அந்த விரல்கள்தான் இன்னும் கண்ணில் நிற்குது.

நாலு வயதில் ஏமாற்றத்தை மறைப்பது பல குழந்தைகளுக்குக் கஷ்டம். பிறந்தநாளுக்கு முதல் நாளே ஒத்திகை பாருங்க. ஒரு வெங்காயம், பழைய சாக்ஸ், ஏற்கெனவே இருக்கும் பொம்மை, மூன்றையும் செய்தித்தாளில் சுற்றி மாறி மாறிக் கொடுத்து வாங்குங்க. கொடுத்தவர் முகத்தைப் பார்க்கணும், “எனக்காக வாங்கிட்டு வந்தீங்களா”ன்னு ஒரு வார்த்தை கேட்கணும். வெங்காயம் வந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. பழக்கம் அங்கேதான் பதியும்.

அங்கன்வாடிப் பணியாளர்:
டீச்சர் சொன்னதில் பாதிதான் ஒத்துக்குவேன். நம்ம வீட்டில் சோறு போட்ட அம்மாவுக்கு யாரு தேங்க்ஸ் சொல்றோம்? மையத்தில் ஒரு மூணு வயசுப் பையன், சாப்பிட்ட தட்டை ரெண்டு கையாலும் ஏந்திட்டுப் போய், “முட்டை நல்லாருந்துச்சு ஆயா”ன்னான். ஆயா கரண்டியை வெச்சுட்டு அவன் கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சாங்க. யாரும் சொல்லித் தரல. பெரிய பிள்ளைங்களைப் பார்த்து வந்தது.

பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா:
பக்கத்து வீட்டில் தினமும் படுக்கும்போது மூணு நன்றி சொல்ல வைத்தார்கள். பத்தே நாளில் “அம்மா, அப்பா, சாமி” என்று ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டது குழந்தை. தினமும் வேண்டாம், வாரம் இரண்டு நாள் போதும். ஒரே பொருளை எடுத்துப் பின்னோக்கிப் போங்கள். இந்தத் தோசைக்கு மாவு யார் அரைச்சது? அரிசி யார் விளைவிச்சது? நாலு கேள்விக்கு மேல் போனால் கொட்டாவி வரும். மாட்டுப் பொங்கலன்று குளிப்பாட்டும் வாளியைக் குழந்தை கையில் கொடுங்கள். பால் எங்கிருந்து வருகிறது என்று தனியாக விளக்கவே வேண்டாம். “உனக்காக எவ்வளவு கஷ்டப்படுறேன் தெரியுமா” என்பதை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். அது குழந்தைக்குக் கடன் கணக்காகத்தான் கேட்கும், நன்றி அங்கே முளைக்காது.

மழலையர் வகுப்பு ஆசிரியை:
தாத்தா சொன்னது சரி. அங்கன்வாடி அக்கா, வீட்டில் பழகிய முகத்துக்கு நீங்க சொல்வது பொருந்தும். விருந்தாளி புது முகம், குழந்தைக்கு நாக்கு எழாது. மனசுக்குள் அஞ்சு எண்ணும்வரை காத்திருங்க. பேச்சு வரலைன்னா அம்மாவே அதன் காதில் விழ நன்றி சொல்லட்டும். குழந்தை கையை ஆட்டினாலே போதும்.