குப்பை சேகரிப்பா, நினைவக மீட்பா?

வணக்கம். நிரல் ஓடும்போது இனித் தேவைப்படாத நினைவக இடத்தைத் தானாக விடுவிக்கும் முறை garbage collection. அது தொடர்பாக முன்மொழியப்பட்டுள்ள தமிழ்ச் சொற்கள் பற்றிய என் கருத்துகள் இவை.

‘குப்பை சேகரிப்பு’ என்ற சொல்லில் குப்பை எனக்கு உறுத்தவில்லை, சேகரிப்புதான் உறுத்துகிறது. சேகரித்தது ஓரிடத்தில் குவிய வேண்டும் அல்லவா? இங்கே எதுவும் குவிவதில்லை. நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளின் (threads) அடுக்குகளில் (stacks) தொடங்கி, பொருள்கள் (objects) இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டுகளைப் (references) பிடித்துக்கொண்டே போய், எட்டிய பொருள்களுக்கெல்லாம் குறியிடுகிறோம். குறி விழாதவற்றின் இடம் காலிப் பட்டியலுக்குத் திரும்புகிறது. நகலெடுக்கும் முறையிலோ குப்பையை யாரும் தொடுவதுகூட இல்லை: உயிருள்ளவை, அதாவது இன்னும் எட்டக்கூடியவை, வேறிடம் குடிபெயர்ந்ததும் பழைய பகுதி மொத்தமாகக் காலியாகிவிடும்.

லிஸ்ப் என்ற நிரல்மொழி பற்றிய 1960ஆம் ஆண்டுக் கட்டுரையில் அதை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி இம்முறையை விவரித்தபோது, குப்பை என்ற சொல்லே அதில் அச்சேறவில்லை. அவர் எழுதியது ‘மீட்புச் சுற்று’ என்று பொருள்படும் தொடர். ஆகவே ‘நினைவக மீட்பு’ என்கிறேன். அதைச் செய்யும் நிரல் ‘மீட்பி’. நினைவக ஒதுக்கீட்டுக்கு (allocation) எதிர்ச்சொல்லாகவும் பொருந்துகிறது. ‘நினைவிட மீட்பு’ இன்னும் துல்லியம்தான், ஆனால் நினைவிடம் என்றதும் சமாதி அல்லவா கண்முன் வருகிறது! தரவு மீட்போடு குழம்பும் என்ற மறுப்பு நியாயமானது. அங்கே திரும்புவது உள்ளடக்கம், இங்கே வெறும் இடம்; முன்சொல் அதைக் காட்டிவிடும்.

ஒரு பொருளை எத்தனை சுட்டுகள் காட்டுகின்றன என்று எண்ணி, ஒன்றும் இல்லாதபோது அதை விடுவிக்கும் முறைக்கு (reference counting) ‘சுட்டெண்ணிக்கை’யை அப்படியே ஏற்கிறேன். இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் 5 என்று படித்து இரண்டும் 6 என்று எழுதினால் ஒரு சுட்டு கணக்கில் விடுபடும். பயன்பாட்டில் இருக்கும் பொருளே பின்னால் விடுவிக்கப்பட்டுவிடும். பைத்தான் மொழி, ஒரு நேரத்தில் ஓரிழையை மட்டுமே ஓடவிடும் ஒற்றைப் பூட்டை (GIL) இத்தனை காலம் கட்டிக்கொண்டு அழுததற்கு இதுவே முதன்மைக் காரணம். அந்தப் பூட்டில்லாத சோதனை வடிவம் 2024இல், 3.13 பதிப்போடுதான் வந்தது.

மீட்பு நடக்கும்போது எல்லா இழைகளையும் நிறுத்தி வைப்பதற்கு (stop-the-world) ‘உலக நிறுத்தம்’ வேண்டாம். நிற்பது உலகமன்று, இழைகள், ‘இழைநிறுத்தம்’ போதும். அவையும் நினைத்த இடத்தில் நின்றுவிடுவதில்லை. ஒவ்வோர் இழையும் தனக்குரிய ‘தரிப்பிடம்’ (safepoint) வந்த பிறகே நிற்கிறது. தரிப்பிடமே இல்லாத நீண்ட சுழற்சியில் ஓரிழை மாட்டிக்கொண்டால், நின்றுவிட்ட மற்றவையெல்லாம் அதற்காகக் காத்துக் கிடக்கும். அதையே ‘பாதுகாப்புப் புள்ளி’ என்றால் இந்தக் காத்திருப்பு தெரியவே தெரியாது.

‘எழுது தடை’ (write barrier) மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அது எதையும் தடுப்பதில்லை; பழைய பொருள் ஒன்று புதியதைச் சுட்டத் தொடங்கினால் குறித்து வைக்கிறது, அவ்வளவே. ‘எழுதுகண்காணி’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன், கொஞ்சம் நீளம்தான்.