ஸ்பிண்டில் ஏன் நிற்கவில்லை? லினக்ஸ்சிஎன்சி ஆவணத்தில் விடுபட்டதை யார் எழுதுவது?

கொக்குவில் மரப்பட்டறை

வணக்கம். கதவு, நிலை, சுவாமி அறை வேலைப்பாடுகள் செதுக்கும் மூன்றச்சு இயந்திரம் ஒன்றை லினக்ஸ்சிஎன்சி என்ற கட்டற்ற இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஓட்டுகிறேன். கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலை, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் இயக்குகிறது. கணினி அதனுடன் ஆர்.எஸ்.485 வயர் வழியாக மோட்பஸ் என்ற தொடர்பு முறையில் பேசுகிறது.

அண்மையில் ஒரு வேப்பம் பலகை செதுக்கி முடிந்தது. நிரலின் கடைசியில், ஸ்பிண்டிலை நிறுத்தும் எம்5 கட்டளை போனது. ஸ்பிண்டில் நின்றுவிட்டதாகத் திரை காட்டியது. கட்டரோ முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. தூசி உறிஞ்சியின் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. பலகையை எடுக்கக் குனிந்த பையனைத் தோளில் பிடித்து இழுத்தேன். பிறகு பார்த்தால், தொடர்பு வயரின் ஒரு முனை அதிர்வில் கழன்றிருந்தது. கட்டளை இன்வெர்ட்டருக்குப் போய்ச் சேரவே இல்லை. அது கடைசியாகக் கேட்ட சொல்லின்படி ஓடிக்கொண்டிருந்தது.

இன்வெர்ட்டருடன் பேசும் இயக்கி நிரலின் மேன் பக்கத்தை, அதாவது மென்பொருளோடு வரும் கையேட்டுப் பக்கத்தை, திறந்தேன். தொடர்பு சரியாக இருக்கிறதா என்று காட்டும் ஹால் பின் ஒன்று அதில் இருக்கிறது. ஹால் என்பது லினக்ஸ்சிஎன்சியின் கூறுகளை ஒன்றோடொன்று இணைக்கும் பகுதி; பின் என்பது அதிலுள்ள சமிக்ஞை முனை. பெயர் போட்டிருக்கிறார்கள், பிட் வகை என்று போட்டிருக்கிறார்கள், வெளியீடு என்று போட்டிருக்கிறார்கள். தொடர்பு அறுந்தால் அந்தப் பின் எப்போது அணையும், அதை எதனுடன் இணைக்க வேண்டும், இணைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று ஒரு வரி கூட இல்லை. மூல நிரலைப் படித்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

அந்த வரிகளை எழுதி மூலத் திட்டத்துக்கு அனுப்பப் போகிறேன். வாசித்துப் பிழை சொல்லவும், தங்கள் இயந்திரத்தில் சோதித்துப் பார்க்கவும் ஆட்கள் வேண்டும்.

கிளிநொச்சி மின்பொறியாளர்

அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் அக்கறையைக் குறைத்துச் சொல்லவில்லை.

கடிதம் தட்டும் மென்பொருளின் ஆவணத்தில் பிழை இருந்தால் ஒரு பக்கம் கோணலாக அச்சாகும். இது இயந்திரக் கட்டுப்பாடு. நீங்கள் எழுதும் வரியை நம்பி ஒருவர் கட்டருக்குக் கீழே கை வைப்பார். உங்களிடம் இருப்பது ஓர் இன்வெர்ட்டர். தொடர்பு அறுந்ததும் அது தொடர்ந்து ஓடியது என்றால், அந்த இன்வெர்ட்டரில் அந்த அமைப்பில் ஓடியது என்றுதான் பொருள். வேறொரு மாதிரியில் தொடர்புக் கால எல்லை என்று ஓர் அமைப்பு இருக்கும். அது முடிந்ததும் தானாக நிற்கும். ஒரு பட்டறையில் நடந்ததைப் பொது விதியாக எழுதுவது ஆபத்து.

அதைவிட முக்கியமானது இது. அவசர நிறுத்தம் என்பது மென்பொருளின் வேலையே அல்ல. பொத்தானை அழுத்தினால் வயர் வழியாக நேராக இன்வெர்ட்டர் அடங்க வேண்டும், நடுவில் கணினி இருக்கக் கூடாது. ஆவணத்தில் ஒரு பின்னைப் பற்றி நீங்கள் விரித்து எழுதினால், அதை இணைத்துவிட்டால் போதும் என்று வாசிப்பவர் நினைத்துவிடுவார். குறையை மட்டும் திட்டத்தில் பதிவு செய்யுங்கள். இயக்கியை எழுதியவர்கள் எழுதட்டும்.

சுன்னாகம் லேத்

தம்பி, நான் வேறு காரணத்துக்காக வேண்டாம் என்கிறேன். நீர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினால் ஜெர்மனியில் இருப்பவர் படிப்பார், அமெரிக்காவில் இருப்பவர் படிப்பார். கைதடியிலும் சாவகச்சேரியிலும் பழைய கணினி ஒன்றை வைத்து இயந்திரம் கட்டும் பையன்கள் படிப்பார்களா? 2022இல் டொலர் இல்லாமல் போன பிறகு வெளியிலிருந்து இயந்திரம் இறக்க முடியாமல் கையாலேயே கட்டத் தொடங்கியவர்கள் இங்கே எத்தனை பேர். அவர்களுக்குத் தமிழில் எழுதும். ஒரு பி.டி.எஃப். போதும், கைக்குக் கை போய்விடும்.

மானிப்பாயில் இருந்து மருத்துவர் கிறீன் என்ன செய்தார்? 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்தவர் தமிழ் படித்து, மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, பாட நூல்களையும் தமிழில் ஆக்கினார். வெளிநாட்டவருக்கே அந்த எண்ணம் இருந்தது.

திருநெல்வேலி நிரலாளர்

சுன்னாகம் ஐயா, கிறீனை நீங்கள் எடுத்ததால் கேட்கிறேன். அவர் தமிழாக்கிய மருத்துவத்துக்கு ஆங்கிலத்தில் மூல நூல்கள் இருந்தன. இங்கே மூலமே இல்லை. மேன் பக்கத்தில் அந்த வரி எந்த மொழியிலும் இல்லை. இல்லாத வரியை எப்படித் தமிழாக்குவது?

தமிழில் தனியாக ஒரு பி.டி.எஃப். போட்டால் அது அன்றைய பதிப்போடு உறைந்துவிடும். லினக்ஸ்சிஎன்சியில் 2.8 போய் 2.9 வந்தபோது மாறியவை பல. கையில் இருக்கும் பி.டி.எஃப். எந்தப் பதிப்புக்கு உரியது என்று மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. மூலத்தில் சேர்த்தால் நிலைமை வேறு. திட்டத்தின் கையேடுகள் ஆஸ்கிடாக் என்ற எளிய எழுத்து வடிவில், நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில் இருக்கின்றன. போ4ஏ என்ற கருவி அவற்றைப் பத்தி பத்தியாகப் பிரித்து மொழிபெயர்ப்புக் கோப்பாக்குகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் வெப்லேட் என்ற இணையக் கருவியில் அந்தப் பத்திகளை நிரப்புகிறார்கள். ஆங்கிலப் பத்தி மாறினால் அதன் மொழிபெயர்ப்பு பழையதாகிவிட்டது என்று குறி விழும். அதாவது தமிழ் வாசகரிடம் பழைய செய்தி புதியது போலப் போகாது. முதலில் மூலம், பிறகு தமிழ். இரண்டையும் செய்யலாம், வரிசைதான் முக்கியம்.

இன்னொன்று. 2023இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் லினக்ஸ்சிஎன்சி உள்ளேயே இருக்கிறது. மேன் பக்கத்தில் எழுதியது மென்பொருளோடு சேர்ந்து கணினிக்கு வந்துவிடும். இணையம் இல்லாத பட்டறையிலும் ஒரு கட்டளையில் திறந்து படிக்கலாம். முகநூல் குழுவில் போட்டதை அடுத்த மாதம் யார் தேடி எடுப்பார்?

நல்லூர் மாணவன்

இப்போது யார் மேன் பக்கம் படிக்கிறார்கள்? செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஹால் கோப்பையே எழுதித் தருகிறது. இதற்காக இவ்வளவு விவாதம் தேவையா?

கொக்குவில் மரப்பட்டறை

தம்பி, நானும் கேட்டுப் பார்த்தேன். அந்த இயக்கியில் இல்லாத ஒரு பின்னின் பெயரைத் தந்தது. எழுதப்படாததை அது எங்கிருந்து படிக்கும்? ஊகித்துத்தான் சொல்லும். நாம் எழுதினால் நாளைக்கு அதுவும் சரியாகச் சொல்லும்.

மின்பொறியாளர் அண்ணா, உங்கள் பதிலைப் பல முறை படித்தேன். ஓர் இயந்திரத்தை வைத்துப் பொது விதி எழுதக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் இயக்கியை எழுதியவரே எழுதட்டும் என்பதை ஏற்க முடியாது. அவர் தன் மேசையில் இருந்த இன்வெர்ட்டரை ஓட்டுவதற்காக அதை எழுதிப் பொதுவில் வைத்தார். சம்பளம் வாங்கி எழுதவில்லை. அவரும் ஓர் இயந்திரம் வைத்திருப்பவர்தான். தூசியில், அதிர்வில், வயர் கழன்றால் என்ன நடக்கும் என்று பட்டறையில் நிற்பவனுக்குத்தான் தெரியவரும்.

இந்த மென்பொருளின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. இது அமெரிக்காவின் நிஸ்ட் என்ற அரச தர நிறுவனத்தில் 1990களில் இ.எம்.சி. என்ற பெயரில் தொடங்கியது. அங்கே ஜி-கோட் என்ற இயந்திரக் கட்டளை மொழியை வாசிக்கும் பகுதியை எழுதியவர்கள், ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும், எந்தச் சேர்க்கை பிழை என்று விரிவாக எழுதி 2000இல் வெளியிட்டார்கள். 2009இல் தொடங்கிய கிரிபில் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள், அர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையில் ஓடுவது, அந்த நிஸ்ட் வரையறையைத்தான் அடிப்படையாகக் கொண்டது. இங்கே சின்ன இயந்திரங்கள் பலவற்றில் ஓடுவதும் கிரிபில்தான். இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பக்கங்கள் வேலை செய்கின்றன. தன்னார்வலர்கள் பின்னர் சேர்த்த இயக்கிகளுக்கு அப்படி உட்கார்ந்து எழுத ஆள் இருக்கவில்லை.

கிளிநொச்சி மின்பொறியாளர்

வரலாறு சரி. ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. அவர்கள் வரையறை எழுதினார்கள், அனுபவக் கதை எழுதவில்லை. உங்கள் வரைவை இங்கே போடுங்கள், பார்ப்போம்.

கொக்குவில் மரப்பட்டறை

ஆங்கிலத்தில் எழுதியதன் பொருளைத் தருகிறேன்:

"தொடர்பு அறுந்தால் இந்தப் பின் அணையும். அப்போது இன்வெர்ட்டர் ஸ்பிண்டிலைத் தொடர்ந்து சுற்றும். ஆகவே இந்தப் பின்னை எஸ்டொப்-லாட்ச் என்ற அவசர நிறுத்தக் கூறுடன் இணைத்து இயந்திரத்தை நிறுத்தவும்."

இதோடு இணைப்புக்கான ஹால் வரிகளையும், உற்பத்தியாளரின் கையேட்டிலுள்ள அமைப்பு அட்டவணையையும் சேர்க்க நினைக்கிறேன்.

திருநெல்வேலி நிரலாளர்

அண்ணா, அட்டவணையை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அது உற்பத்தியாளரின் பதிப்புரிமை. லினக்ஸ்சிஎன்சி ஆவணங்கள் குனு கட்டற்ற ஆவண உரிமத்தில் இருக்கின்றன. பிறர் எழுத்தை அதற்குள் கொட்ட நமக்கு உரிமை இல்லை. தேவையான அமைப்பு எண்களை மட்டும் உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

கிளிநொச்சி மின்பொறியாளர்

இப்போது பேசலாம். மூன்று வாக்கியங்களும் திருத்தப்பட வேண்டியவை.

"பின் அணையும்" என்கிறீர்கள். இயக்கி உயிரோடு இருந்தால் மட்டுமே அது உண்மை. இத்தகைய இன்வெர்ட்டர் இயக்கிகள் நிகழ்நேரப் பகுதியில் ஓடுவதில்லை, சாதாரண நிரல்களாக ஓடுகின்றன. அந்த நிரல் உறைந்துபோனால் பின் கடைசியாக இருந்த மதிப்பிலேயே நிற்கும். தொடர்பு சரி என்று காட்டிக்கொண்டே இருக்கும், உண்மையில் பேச்சே இருக்காது. அதைப் பிடிக்க இதயத்துடிப்புப் போல மாறி மாறி வரும் சமிக்ஞையும், அது நின்றுவிட்டதா என்று கவனிக்கும் வாட்ச்டாக் கூறும் வேண்டும். இதைச் சொல்லாமல் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதினால் பொய்யான தைரியம் கொடுக்கிறீர்கள்.

இரண்டாவது வாக்கியம்: "தொடர்ந்து சுற்றும்" அல்ல, "தொடர்ந்து சுற்றக்கூடும்; இன்வெர்ட்டரின் தொடர்புக் கால எல்லை அமைப்பைப் பொறுத்தது".

மூன்றாவது வாக்கியத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது. எஸ்டொப்-லாட்ச் விழுந்தால் லினக்ஸ்சிஎன்சி அச்சுகளை நிறுத்தும். ஸ்பிண்டிலையும் நிறுத்தச் சொல்லும். எந்த வழியாகச் சொல்லும்? கழன்று கிடக்கும் அதே வயர் வழியாக. இன்வெர்ட்டரின் இயக்க அனுமதி முனைக்குத் தனி ரிலே (மின்னால் இயங்கும் சுவிட்சு) போட்டு, அந்த ரிலேயை வேறொரு வெளியீட்டிலிருந்து விழுத்தினால்தான் ஸ்பிண்டில் அடங்கும்.

கொக்குவில் மரப்பட்டறை

அண்ணா, அந்தக் கடைசிப் பத்தி இருக்கிறதே, அதுதான் ஆவணத்தில் இருக்க வேண்டியது. நீங்கள் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் அது உங்கள் தலைக்குள்ளேயே இருந்திருக்கும். அனுப்பாதே என்று இனியும் சொல்வீர்களா?

சுன்னாகம் லேத்

ரிலே விடயம் எனக்கும் இப்போதுதான் உறைக்கிறது. என் பழைய லேத்துக்கு இன்வெர்ட்டர் போட்டபோது பொத்தானிலிருந்து நேராக வயர் இழுத்தேன், கணினி கிடையாது. இந்தப் பையன்கள் வயர் குறைகிறது என்று எல்லாவற்றையும் மோட்பஸ்ஸிலேயே செய்துவிடுகிறார்கள். தம்பி, ஆங்கிலத்தில் போடும், தடுக்கவில்லை. ஆனால் தமிழ் வராவிட்டால் நான் திரும்ப வந்து கேட்பேன். "பிறகு" என்று தள்ளிய தமிழ் வேலைகள் எத்தனை கிடப்பில் கிடக்கின்றன என்று உமக்குத் தெரியும்.

திருநெல்வேலி நிரலாளர்

ஐயா, மூலம் ஏற்கப்பட்டதும் அந்தப் பத்திகளைத் தமிழில் நான் செய்கிறேன். நீங்கள் வாசித்துப் பட்டறைக்காரருக்கு விளங்குமா என்று சொல்ல வேண்டும்.

கிளிநொச்சி மின்பொறியாளர்

நேற்று ஆய்வுகூடத்தில் எங்களிடம் உள்ள வேறு மாதிரி இன்வெர்ட்டரில் சோதித்தேன். கட்டரைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டில் சுற்றும்போது தொடர்பு வயரைப் பிடுங்கினேன். சில விநாடிகளில் பிழைக் குறி காட்டித் தானாக நின்றது. கால எல்லை அமைப்பைப் பூச்சியமாக்கிவிட்டு மறுபடி பிடுங்கினேன். கொக்குவில் தம்பி சொன்னது போலவே நிற்காமல் ஓடியது. ஆக, இயக்கியின் குணம் அல்ல இது, இன்வெர்ட்டர் அமைப்பின் குணம். அந்த நிபந்தனையோடு எழுதினால் என் முதல் மறுப்பு விழுந்துவிடுகிறது.

இன்னொரு மறுப்பு இருக்கிறது. மாதிரி ஹால் வரிகளைச் சேர்க்கக் கூடாது. மாதிரி என்று போட்டால் அப்படியே வெட்டி ஒட்டுவார்கள். அவர்கள் கட்டுப்பாட்டுப் பலகையின் பின் எண் வேறாக இருக்கும், ரிலேயின் தர்க்கம் தலைகீழாக இருக்கும்.

கொக்குவில் மரப்பட்டறை

மாதிரி இல்லாத பக்கத்தைப் படித்துவிட்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாதிரி வேண்டும் என்பதில் மாறமாட்டேன். ஆனால் அதைத் தனி மாற்றக் கோரிக்கையாகத் திட்டத்துக்கு அனுப்புகிறேன். திட்டத்தில் இருப்பவர்கள் அங்கே வாதிடட்டும், நீங்களும் அங்கே வந்து மறுக்கலாம்.

முதல் கோரிக்கையில் பின் விளக்கம் மட்டும் போகிறது. இப்போதைய வடிவம்:

"இயக்கி இயங்கும்போது இன்வெர்ட்டருடன் தொடர்பு அறுந்தால் இந்தப் பின் அணையும். இயக்கி நிரலே உறைந்தால் பின்னின் மதிப்பு மாறாது. அதைக் கண்டறிய வாட்ச்டாக் தேவை. தொடர்பு அறுந்த பிறகு ஸ்பிண்டில் நிற்பதும் சுற்றுவதும் இன்வெர்ட்டரின் தொடர்புக் கால எல்லை அமைப்பைப் பொறுத்தது. அந்த நிலையில் மோட்பஸ் வழியாக அனுப்பும் நிறுத்தக் கட்டளை போய்ச் சேராது. ஸ்பிண்டிலை நிறுத்தத் தனி வயர் இணைப்பு வேண்டும். கட்டரைக் கழற்றிவிட்டு, வயரைப் பிடுங்கிச் சோதித்துப் பார்க்காமல் இயந்திரத்தைப் பயன்படுத்த வேண்டாம்."

கிளிநொச்சி மின்பொறியாளர்

"தனி வயர் இணைப்பு" என்பதற்கு முன் "கணினியைச் சாராத" என்று சேர்க்க வேண்டுமா என்று யோசித்தேன். ரிலேயைக் கணினியின் வெளியீடும் விழுத்தலாம், பொத்தானும் விழுத்த வேண்டும். ஆகவே இப்படி மாற்றுங்கள்: "ஸ்பிண்டிலை நிறுத்தத் தனி வயர் இணைப்பு வேண்டும், அவசர நிறுத்தப் பொத்தான் கணினியின் துணையின்றி அதைத் துண்டிக்க வேண்டும்." எந்த இரு மாதிரிகளில் சோதித்தோம், எந்த அமைப்பில் என்ன நடந்தது என்பதைக் கோரிக்கையின் விளக்கத்தில் எழுதுங்கள். என் அளவீடுகளைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

கொக்குவில் மரப்பட்டறை

கிடைத்தது. மாற்றிவிட்டேன். இன்றிரவு அனுப்புகிறேன். மூன்றாவது மாதிரி இன்வெர்ட்டர் யாரிடமாவது இருந்தால், கட்டரைக் கழற்றிவிட்டுச் சோதித்து இங்கே எழுதுங்கள்.