புதுப்பிப்பு: கழுவியதும் மங்கும் சீசியம் லெட் (ஈய) புரோமைடு நானோபடிகங்கள்

இந்த நானோபடிகங்களைக் கழுவியதும் பச்சை ஒளிர்வு ஏன் மங்குகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். வில்லன், கழுவப் பயன்படுத்திய அசிட்டோன்தான். முனைவுத்தன்மை அதிகம் என்பதால், பரப்பில் தளர்வாக ஒட்டியிருக்கும் லிகண்டுகளை, அதாவது படிகத்தைப் போர்த்திக் காக்கும் ஒலெயில்அமைனையும் ஒலெயிக் அமிலத்தையும், உரித்துவிடுகிறது. மெத்தில் அசிட்டேட்டுக்கு மாறியதும் ஒளிர்வு மங்காமல் நிலைத்தது. அதிலும் ஒரே கழுவல் போதும்.

செய்முறை பழையதுதான்: கரைப்பானாக 5 மி.லி. ஆக்டடெசீன், 69 மி.கி. லெட் புரோமைடு, லிகண்டுகள் தலா 0.5 மி.லி. வெற்றிடத்தில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தல். பிறகு நைட்ரஜனில் 170 டிகிரி, 0.4 மி.லி. சீசியம் ஒலியேட், 5 நொடியில் பனிக்குளியல். ஒலியேட்டை 100 டிகிரியில் வைத்திருங்கள். ஆறினால் வீழ்படிவாகும், ஊசியில் பாதிதான் வரும்.

ஒளிர்வின் உச்சம் 515 நா.மீ. (நானோமீட்டர்) அருகே, அரையகலம் (பாதி உயரத்தில் உச்சத்தின் அகலம்) சுமார் 20 நா.மீ. கரைசல் வெளுத்து, 314 நா.மீ.-இல் கூர்மையான உட்கவர்தல் தெரிந்தால் அது லெட் குறைந்த வேறு கட்டம் (வேறு படிக அமைப்பு). காரணம் பெரும்பாலும் ஒலெயில்அமைன் மிகுதி.