கல்யாணமாகாத பிள்ளைகள் வேலைக்கு வராதது சோம்பலாலா?

கடைமடைக்காரன்:
திருத்துறைப்பூண்டிப் பக்கம் நான்கு ஏக்கர் வைத்திருக்கிறேன். ஆற்றில் தண்ணீர் வந்ததும் நாற்றுப் பறிக்கவும் நடவும் ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிறது. இந்த முறை மேற்கு வங்கத்துக்காரர்கள்தான் நட்டுக் கொடுத்தார்கள். உள்ளூர்ப் பையன்களோ மதகுக் கட்டையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தனுக்கும் கல்யாணம் ஆகவில்லை, பொறுப்பும் இல்லை. நூறு நாள் வேலையும் ரேஷன் அரிசியும் சேர்ந்து கெடுத்துவிட்டன.

வெண்ணாற்றங்கரை:
அண்ணே, நூறு நாள் வேலையை இதில் இழுக்காதீர்கள். 2005 சட்டத்தில் அந்த நூறு நாள் ஆளுக்கில்லை, குடும்பத்துக்கு என்றுதான் இருந்தது. எங்கள் வீட்டில் அம்மா போனதோடு தீர்ந்துவிட்டது, தம்பிக்கு அதில் என்ன மிச்சம்? நடவு சில வாரம், அறுப்பை மிஷின் எடுத்துக்கொண்டது, மீதி மாதங்களுக்கு யார் கூலி கொடுப்பார்கள்? அப்புறம் பெண் கேட்டுப் போனால் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பதுதான் முதல் கேள்வி, வயல் வேலை என்றால் அதோடு பேச்சு முடிந்தது. அதனால்தான் தம்பி டிப்ளமோ முடித்துவிட்டு மூன்று வருடமாக அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறான்.

மன்னைப் பெண்:
பையன்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் திருப்பூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஹாஸ்டலில் தங்கி இரண்டு வருடம் வேலை பார்த்தேன். நகைக்குச் சேர்க்கத்தான் அனுப்பினார்கள், சம்பந்தம் பேச வந்ததும் கூப்பிட்டுக்கொண்டார்கள். அது கூடிவரவில்லை, மறுபடி அனுப்பவும் இல்லை. மன்னார்குடியில் ஜவுளிக்கடை வேலை கிடைத்தது, ஆனால் கடை அடைக்க ஒன்பது ஆகும், எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் எட்டேகாலுக்கு. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது பெரிய உதவிதான், ஆனால் அந்த நேரத்துக்கு வண்டியே இல்லையே! போவதா வேண்டாமா என்பதைச் சம்பளம் முடிவு செய்யவில்லை, இருட்டினபிறகு யார் கூட்டிவருவது என்பதுதான் முடிவு செய்தது.

கடைமடைக்காரன்:
சரி தங்கச்சி, பஸ் விஷயம் நான் யோசிக்காதது. ஆனால் தம்பி, வருடம் முழுக்க வேலை இல்லை என்பதற்காக இருக்கிற சில வாரமும் வரக் கூடாதா?

வெண்ணாற்றங்கரை:
என் தம்பி போன தாளடி நடவுக்கு, அதாவது இரண்டாம் போகத்துக்கு, வந்தான் அண்ணே. வரப்பில் நின்ற பெரியவர் ஒருவர் "படிச்சும் இதானா" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். மறுநாளிலிருந்து போகவில்லை. நடவு மிஷின் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தால் அவனே நின்றிருப்பான்.

மன்னைப் பெண்:
அண்ணே, மிஷின் நடவுக்கு நாற்றைப் பாய் மாதிரி வளர்க்கிற பாய் நாற்றங்கால் போட வேண்டுமே, அதற்கு நான் வருகிறேன், இரண்டு தோழிகளும் வருவார்கள். ஆறு மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். கூலி மட்டும் ஆம்பளைக்குக் கொடுப்பதையே கொடுக்க வேண்டும்.